நங்கூரம் போட்ட குடித்தனங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடலில் ஒரு மிதக்கும் தெரு கூடிக் கலைகிறது. வீடுகள் சிறியவை, முற்றம் மிகப் பெரியது. அந்த முற்றம் யாருடையது என்பதில்தான் சிக்கல்.

ஜனவரி மாதத்து மாலை. மணி ஐந்தேகால். சென்னை மெரினாவில் இன்னும் வெயில் இருக்கும். அந்தமானில் சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. ராதாநகர் கடற்கரையில் குளித்துக்கொண்டிருப்பவர்களைக் கரையேறச் சொல்லி விசில் சத்தம் கேட்கிறது. பஸ்களும் ஆட்டோக்களும் கிளம்பிவிட, ஸ்வராஜ் தீவின் மேற்குக் கரை காலியாகிறது. (2018 டிசம்பர் வரை இந்தத் தீவுக்கு ஹேவ்லாக் என்று பெயர்.)

அதன் பிறகுதான் தண்ணீரில் நடமாட்டம் ஆரம்பிக்கும். சற்றுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் நான்கைந்து பாய்மரப் படகுகளிலிருந்து ஆளுக்கொரு ரப்பர் டிங்கி புறப்படும். ஒன்றில் மூடி போட்ட பாத்திரம். இன்னொன்றில் கித்தார். மூன்றாவதில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் புதைந்திருக்கும் ஒரு குழந்தை. எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: கூட்டத்திலேயே அகலமான தளம் உள்ள கட்டமரான். தமிழில் கட்டுமரமாகப் புறப்பட்ட சொல், உலகத்தைச் சுற்றிவிட்டு இந்தப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

இந்தக் கூட்டங்களுக்கு அழைப்பிதழ் கிடையாது. காலையில் ரேடியோவில் ஒருவர் சொல்லி வைத்தால் போதும். வருகிறவர் ஒரு பண்டம் சமைத்துக் கொண்டுவர வேண்டும். குடிப்பதற்கானதும் அவரவர் பொறுப்பு. தட்டு, டம்ளர், ஸ்பூன் எல்லாம் வீட்டிலிருந்தே வரும். நான்கு தட்டுகள் மட்டுமே உள்ள வீட்டில் பதினைந்து பேருக்கு விருந்து என்றால் வேறு வழியில்லை. முதல் அரை மணி நேரம் பெயரும் ஊரும் விசாரிப்பார்கள். அதன்பின் பேச்சு பாட்டரிக்கும், பாசி பிடித்த அடித்தட்டுக்கும், அடைத்துக்கொண்ட கழிப்பறைப் பம்புக்கும் போய்விடும். உலகம் சுற்றுகிறவர்கள் கூடினால் எரிமலைகளையும் திமிங்கிலங்களையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. பம்புதான் முக்கியம்.

சக்கரத்தில் தொடங்கிய வழக்கம்

வீட்டைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் ஓரிடத்தில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவது புதிய விஷயமல்ல. ஆடி பதினெட்டுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்களுக்கும், குலதெய்வக் கோயில் தோப்பில் வண்டிகளை அவிழ்த்துப் போட்டு மூன்று கல் அடுப்பில் பொங்கல் வைத்தவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். புளியோதரைத் தூக்கு பக்கத்து வண்டிக்குப் போகும். அங்கிருந்து சுண்டல் வரும்.

அமெரிக்காவில் இதே வழக்கம் காரோடு வந்தது. 1919ல் ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில் முகாம் போட்டிருந்த கார் பயணிகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். டப்பா உணவைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுக் காலம் தள்ளியதால் சங்கத்துக்கு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று பெயர். அங்கத்தினர் அடையாளம், காரின் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த ஒரு தகர டப்பா. முகாமைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பக்கத்து முகாம்காரரோடு நட்பாக இருக்க வேண்டும், கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்பவைதான் கொள்கைகள். காலப்போக்கில் கரைந்துபோன அந்தச் சங்கம் 1998ல் மிச்சிகன் மாநிலத்தில் மீண்டும் உயிர் பெற்றது.

1930களில் கண்ணீர்த்துளி வடிவத்தில் சிறிய இழுவை வண்டிகள் வந்தன. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையலறை. கெட்டிக்காரர்கள் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து ஒட்டுப்பலகையில் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் கூடும் முகாம்களில் இன்றும் ஒரு பழக்கம் உண்டு: குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரும் கதவுகளைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எந்த வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்து, அலமாரி எப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். வெளியே சமைத்து, வெளியே உட்கார்ந்து, வெளியே பேச வேண்டிய அளவுக்கு வீடு சின்னதாக இருப்பதுதான் அவர்களை அண்டை வீட்டுக்காரர்கள் ஆக்குகிறது.

கடலில் இந்த வழக்கத்துக்குத் தனிப் பெயரே உண்டு. நடுக்கடலில் இரண்டு திமிங்கில வேட்டைக் கப்பல்கள் சந்தித்தால் மாலுமிகள் ஒருவர் கப்பலுக்கு ஒருவர் போய் அரட்டை அடிப்பார்கள். அதற்கு 'காம்' என்று பெயர். 1952ல் அமெரிக்காவில், படகையே வீடாகக் கொண்ட சிலர் தொடங்கிய 'செவன் சீஸ் க்ரூசிங் அசோசியேஷன்' தன் கூட்டங்களுக்கு இந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. அதன் முதல் விதி: படகு கடந்துபோன பாதை சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கை மட்டுமல்ல, கெட்ட பெயரையும் விட்டுச் செல்லக்கூடாது. ஒருவர் செய்யும் தப்புக்கு அடுத்து வரும் படகு பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அனுபவம்.

அந்தமானில் ஏன் படகு?

சக்கர வீடுகள் இந்தியாவுக்கும் வந்துவிட்டன. கேரளம் 2021ல் 'கேரவன் கேரளா' என்ற திட்டத்தை அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. ஆனால் அந்தமானுக்கு அது சரிப்படாது. தீவுகள், பாறைகள் எல்லாம் சேர்த்து 836 என்று அரசுக் கணக்கு. மக்கள் வசிப்பது 31ல் மட்டுமே. நீளமான ஒரே சாலை தேசிய நெடுஞ்சாலை 4. அது ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கிழித்துக்கொண்டு வடக்கே போகிறது. அங்கே வண்டிகள் குறித்த நேரத்தில், வரிசையாக, போலீஸ் காவலோடுதான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அந்தப் பகுதியில் சாலையையே மூட வேண்டும் என்று 2002ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. போக்குவரத்து இன்னும் நிற்கவில்லை. இப்படிப்பட்ட சாலையில் வீட்டை இழுத்துக்கொண்டு போய் நிழலான இடம் பார்த்து நிறுத்துவது நடக்காத காரியம். இங்கே நடமாடும் வீடு என்றால் அது படகுதான்.

படகுகளில் பெரும்பாலானவை தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து வருகின்றன. தூரம் ஏறத்தாழ 400 கடல் மைல், அதாவது 740 கிலோமீட்டர். வாடைக்காற்று சீராக வீசும் மாதங்களில் மூன்று அல்லது நான்கு நாள் பயணம். சென்னையிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே நாட்கள்தான் ஆகிறது. ஆனால் இங்கே மாலுமி, சமையல்காரர், மெக்கானிக் எல்லாம் இரண்டு பேர்தான், அதுவும் பெரும்பாலும் கணவனும் மனைவியும். இரவில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். பத்துப் பதினோரு மீட்டர் நீளமுள்ள வீட்டில் மூன்று நாள் சரியாகத் தூங்காமல் வந்து சேர்கிறவர்களுக்குக் கரையைவிடப் பக்கத்துப் படகின் விளக்குதான் அதிக ஆறுதல். உலகத்தை முதன்முதலாகத் தனி ஆளாகச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை ஓட்டிய 'ஸ்ப்ரே' படகும் ஏறத்தாழ இந்த அளவுதான்.

காகிதங்களின் துறைமுகம்

வெளிநாட்டுப் படகு எதுவாக இருந்தாலும் நேராகப் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். 2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டாலும் படகுக்காரர்களின் வாயில் பழைய பெயர்தான் ஓடுகிறது. கரை தெரிந்ததும் ரேடியோவில் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்து அனுமதி கேட்க வேண்டும். 1883ல் தொடங்கிய மர அறுவை ஆலை நிற்கும் சாத்தாம் தீவுப் பக்கம் நங்கூரம் போடச் சொல்வார்கள். பிறகு சுங்கம், குடியேற்றம், கடலோரக் காவல் படை என்று ஒவ்வொரு துறையாகப் படகுக்கு வரும். பல சமயங்களில் அதிகாரிகளைக் கரையிலிருந்து டிங்கியில் கூட்டி வருவதும் படகுக்காரரின் வேலைதான்.

விசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். எந்தெந்தத் தீவில் எந்த நாளில் நங்கூரம் என்று முழுப் பயணத் திட்டத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்டிலைட் போன் இருந்தால் சொல்லிவிட வேண்டும். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியச் சட்டப்படி குற்றம். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகும் தினமும் ரேடியோவில் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டும். திரும்பிப் போகும்போது மறுபடியும் போர்ட் பிளேருக்கு வந்து கணக்கை முடித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நாட்கள் கரைகின்றனவே என்று அலுத்துக்கொள்ளும் படகுக்காரர்கள் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்புதான் முதல் கூட்டத்தைக் கூட்டுகிறது. யாருக்கு எந்தக் காகிதம் வேண்டும், எத்தனை நகல் எடுக்க வேண்டும், எந்தக் கடையில் ஜெராக்ஸ் என்று முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு சேர்ந்தே அபர்தீன் பஜாருக்கு நடக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தத் தீவுகளில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். நியூசிலாந்துக்காரர் ஒருவர் வெண்டைக்காய் விலை கேட்டால் தமிழில் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். முட்டை, உருளைக்கிழங்கு, எலுமிச்சை, கேன் கேனாகக் குடிநீர், டீசல் எல்லாம் டிங்கியில் ஏறுகின்றன. ஃப்ரிட்ஜ் சின்னது. எனவே கெடாத காய்க்குத்தான் மதிப்பு.

நகரத்தை விட்டுக் கிளம்பிய பிறகு கடை கிடையாது. அப்போதுதான் எழுதப்படாத சட்டங்கள் அமலுக்கு வருகின்றன. காற்று திரும்பினால் இடிக்காத தூரத்தில்தான் நங்கூரம் போட வேண்டும். கடைசியாக வந்தவர்தான் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரியில் ஒருவரின் நங்கூரம் பிடி விட்டால் தூக்கம் போனது யாருக்கு என்று பார்க்காமல் எல்லோரும் டிங்கியை இறக்க வேண்டும். ஒருவரிடம் உபரியாக இருக்கும் பெல்ட்டும் ஃபில்டரும் இன்னொருவரின் பயணத்தைக் காப்பாற்றும். விலை பேசுவதில்லை. அடுத்த துறைமுகத்தில் வேறு யாருக்காவது உதவினால் கணக்கு நேராகிவிடும்.

கரைக்குச் சொந்தக்காரர்கள்

இந்த இடத்தில்தான் அந்தமான் மற்ற நங்கூரத் துறைகளிலிருந்து வேறுபடுகிறது. இங்கே சில கரைகளின் சொந்தக்காரர்களுக்கு விருந்தாளிகளே வேண்டாம். அதைக் காகிதத்தில் எழுதித் தர அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சார்பில் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. பழங்குடியினர் பாதுகாப்புக்கான விதிமுறைகள் 1956ல் வந்தன. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக்கூடாது.

காரணம் வெறும் அம்பு அல்ல, கிருமி. 1858ல் பிரிட்டிஷ்காரர்கள் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தார்கள். 1877ல் பரவிய தட்டம்மை பேரந்தமானியரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஆயிரக்கணக்கில் இருந்த இனத்தில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். ஜாரவாக்கள் வெளியே வந்து பழகத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, 1999ல், அவர்களிடையேயும் தட்டம்மை பரவியது. படகுக்காரருக்கு ஒரு தும்மலாக முடிவது கரையில் இருப்பவருக்கு அப்படி முடியாது.

2018 நவம்பரில் மீனவர்கள் உதவியோடு வடக்கு சென்டினலில் இறங்கிய அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் காற்றடைத்த படகில் தனியாகப் போய், கரையில் ஒரு தேங்காயையும் குளிர்பான டப்பாவையும் வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் கைது செய்யப்பட்டார். அவர் போனது பாய்மரப் படகில் அல்ல. ஆனால் இதுபோன்ற ஒவ்வொரு சம்பவமும் நங்கூரமிட்டு நிற்கும் எல்லா வெளிநாட்டுப் படகுகளின் மீதும் ஒரு சந்தேகப் பார்வையைத் திருப்புகிறது. அடுத்து வரும் படகு பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற 1952ம் வருடத்து விதி இங்கேதான் சுடுகிறது.

தண்ணீருக்கு அடியிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பவளப் பாறையில் விழும் ஒரு நங்கூரமும், காற்றுக்கு ஏற்பப் புரளும் அதன் சங்கிலியும் பல வருட வளர்ச்சியை ஓர் இரவில் நொறுக்கிவிடும். 2010ல் கடல் சூடேறியதில் அந்தமான் பவளங்கள் வெளுத்துப்போய் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கின்றன. வண்டூரில் 1983 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து ஜாலி பாய் தீவுக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டில்கூடக் கொண்டுபோக முடியாது. படகுக்காரர்களிலும் விவரம் தெரிந்தவர்கள் மணல் தரை பார்த்துத்தான் நங்கூரம் போடுகிறார்கள், குப்பையைக் கட்டி வைத்துப் போர்ட் பிளேருக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள். எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள் அல்ல என்பதும் உண்மை.

திறப்பதா, மூடுவதா?

தீவுகளைச் சுற்றுலாவுக்கு இன்னும் திறக்க வேண்டும் என்ற பேச்சு பழையது. 2018ல் 30 தீவுகளுக்கு, வெளிநாட்டவர் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. பழங்குடியினர் பகுதிகளுக்கும் காடுகளுக்கும் தனி அனுமதி இன்றும் தேவை. கிழக்கே புக்கெட்டிலும் லங்காவியிலும் மரினாக்கள் வந்து, படகு பழுதுபார்ப்பதும் பாய் தைப்பதும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டதைச் சுட்டிக்காட்டுகிறார்கள் ஆதரவாளர்கள். 1987ல் தொடங்கிய புக்கெட் கிங்ஸ் கப் போட்டிக்கு டிசம்பர்தோறும் படகுகள் குவிகின்றன. அவற்றில் கொஞ்சம் மேற்கே திரும்பினாலும் அந்தமானுக்கு லாபம்தானே என்பது வாதம்.

எதிர்வாதமும் அதே புக்கெட்டைத்தான் காட்டுகிறது. நானூறு கடல் மைல் தாண்டி இவ்வளவு காகிதங்களை நிரப்பி மக்கள் இங்கே வருவதே, புக்கெட்டில் காணாமல்போன ஒன்று இங்கே மிச்சமிருப்பதால்தான். கிரேட் நிக்கோபாரில் சரக்குப் பெட்டக முனையம், விமான நிலையம், புதிய நகரம் என்று மாபெரும் திட்டம் நகர்ந்துகொண்டிருக்கும் வேளையில், நான்கைந்து பாய்மரப் படகுகள் யாருக்கும் பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் நாற்பது வந்தால்? நூறு வந்தால்? கூட்டம் பெருத்தால் நட்பு மெலியும் என்பது கரையில் முகாம் போடுகிறவர்களுக்கும் தெரிந்த பாடம்.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு இதே கடலின் கிழக்கு ஓரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மியன்மார், தாய்லாந்துக் கரையோரத் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களுக்குக் 'கபாங்' என்ற படகுதான் பரம்பரை வீடு. மழைக்காலத்தில் மட்டும் கரையில் குடிசை. மற்ற மாதங்களில் கடல். உறவினர் படகுகள் கூட்டமாகச் சேர்ந்து திரிந்த இந்த மக்களை எல்லைக் கோடுகளும் அடையாள அட்டைகளும் தேசியப் பூங்காக்களும் கரையில் உட்கார வைத்துவிட்டன. இன்று கபாங் கட்டத் தெரிந்தவர்களே குறைந்துபோனார்கள். விடுமுறைக்காரரின் படகுக்கு விசா கிடைக்கிறது. அந்தக் கடலிலேயே பிறந்தவரின் படகுக்கு அது கிடைக்கவில்லை.

இந்தியர்கள் எங்கே?

இந்த மிதக்கும் தெருவில் குறைவாகத் தென்படுகிறவர்கள் இந்தியர்கள்தான். பாய்மரக் கலை நமக்குப் புதிதல்ல. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லேயே தொடங்கியாகிவிட்டது. ராணுவப் பொறியாளர்கள் 'த்ரிஷ்ணா'வில் 1985-87ல் உலகைச் சுற்றினார்கள். கடற்படையைச் சேர்ந்த திலீப் தோண்டே 2010ல் தனியாகச் சுற்றி முடித்தார். அபிலாஷ் டாமி 2013ல் எங்கும் நிற்காமலே சுற்றினார். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 'தாரிணி'யில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, எட்டு மாதம் கழித்து 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். அதற்கான பயிற்சிகளில் ஒன்று, கோவாவிலிருந்து அந்தமானுக்குப் போய் வந்த பயணம்.

இவை எல்லாம் சீருடைக்காரர்களின் சாதனைகள். ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி ஊழியரோ பழைய படகு ஒன்றை வாங்கி, மனைவியோடு கடலில் குடித்தனம் நடத்தும் பழக்கம் இந்தியாவில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. படகின் விலை ஒரு காரணம். வீடு என்றால் அஸ்திவாரம் வேண்டும் என்ற எண்ணம் இன்னொரு காரணம். அந்தமானில் கூடும் வெளிநாட்டவர் பலரும் பணக்காரர்கள் அல்ல. கரையில் இருந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். கட்டமரான் தளத்தில் பம்பைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுவதும் அதனால்தான். ரிப்பேருக்கு ஆள் வைக்க வசதியில்லை.

இரவு எட்டு மணிக்கெல்லாம் விருந்து முடிந்துவிடும். விடிவது ஐந்தரைக்கே என்பதால் தூக்கமும் சீக்கிரம். டிங்கிகள் ஒவ்வொன்றாகப் பிரியும். அவரவர் பாய்மரத்தின் உச்சியில் ஒரு வெள்ளை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். காலையில் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒருவர் வடக்கே லாங் தீவுக்கு, இன்னொருவர் போர்ட் பிளேருக்கு, மூன்றாமவர் இங்கேயே இன்னும் இரண்டு நாள்.

முதல் சுற்றுலா பஸ் ராதாநகருக்கு வந்து சேரும்போது நேற்றுக் கூட்டம் நடந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அப்படி இருக்கும்வரை அடுத்த ஜனவரியிலும் அங்கே நங்கூரம் போட அனுமதி கிடைக்கும்.